எட்டுக்குப் பத்து படமும் இடுப்புச் சுற்றளவும்

1975-இல் நியூயார்க்கில் மேடையேறிய 'எ கோரஸ் லைன்' இசை நாடகத்தில் ஒரு நடனக்காரி வருவாள். ஆடிஷன் முடிந்ததும், தன்னைப் பற்றிக் குறித்து வைத்த அட்டையை நைசாக எடுத்துப் பார்ப்பாள். நடனத்துக்குப் பத்து, தோற்றத்துக்கு மூன்று. அதற்குப் பிறகு அவள் போய் நிற்கும் இடம் பிளாஸ்டிக் சர்ஜரி டாக்டரின் வாசல். அரங்கம் சிரிக்கும். ஆனால் அந்த நாடகமே 1974-இல் நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகள் இருக்கும் பிராட்வேயின் நடனக்காரர்கள் சிலர் கூடி உட்கார்ந்து டேப் ரெக்கார்டர் முன்னால் மனம் விட்டுப் பேசியதிலிருந்து உருவானது. 1990 வரை 6,137 காட்சிகள் ஓடிற்று.

இப்போது யாரும் அட்டையில் அப்படி எண் போடுவதாகச் சொல்ல மாட்டார்கள். "இந்த வேடத்துக்கு வேற மாதிரி ஆள் தேடுறோம்" என்பார்கள். யார் வேண்டுமானாலும் வரலாம் என்று அறிவிக்கும் ஆடிஷன்களில் கூட்டம் அதிகமானால், ஆட்களை வரிசையாக நிற்க வைத்து, ஒரு வரிகூடப் பாட விடாமல் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பும் வழக்கமும் இருக்கிறது. தோற்றத்தின் ரகம் பார்த்துக் கழிக்கும் இதற்கு 'டைப்பிங்' என்று பெயர். ஓடிக்கொண்டிருக்கும் நாடகத்தில் ஒருவர் விலகி, அவர் இடத்துக்கு ஆள் எடுக்கும்போது இது இன்னும் கறாராக இருக்கும். ஏற்கெனவே தைத்துத் தொங்கும் உடைக்குள் யார் நுழைவார்கள் என்பதும் தேர்வில் ஒரு கணக்கு. பாட்டிலோ ஆட்டத்திலோ குறை இல்லாதவர்கூட வீட்டுக்கு ரயில் பிடிப்பது அதனால்தான்.

என் கணக்கில், தோற்றத்துக்காக இந்த இசை நாடகத் தொழிலில் படும் சிரமத்தில் பாதி, நாடகக் கம்பெனி செய்ய வேண்டிய வேலையை நடிகர் தன் உடம்பின்மேல் செய்துகொள்வதால் வருவது. உடை சிறியதாக இருந்தால் பட்டினி, விக் பொருந்தாவிட்டால் முடியை வெட்டு, விளக்கு சரியில்லாவிட்டால் முகத்தை வெளுப்பாக்கு என்று. எது யார் வேலை என்பது தெரிந்துவிட்டால் இதில் நிறைய மிச்சமாகும்.

இந்தச் சண்டை புதிதும் இல்லை. நூறு வருஷத்துக்கு முன்னால் பிராட்வேயில் கோரஸ் பெண்கள், அதாவது கூட்டமாக ஆடிப் பாடுகிறவர்கள், தங்கள் ஷூவையும் காலோடு ஒட்டிய உறையான டைட்ஸையும் சொந்தக் காசில் வாங்க வேண்டியிருந்தது. சில இடங்களில் உடையும் அவர்கள் தலையில்தான். ஒத்திகை வாரக்கணக்கில் சம்பளமில்லாமல் நடக்கும். 1913-இல் நடிகர்களுக்கான ஆக்டர்ஸ் ஈக்விட்டி சங்கம் தொடங்கியது. 1919 ஆகஸ்டில் வேலைநிறுத்தம், ஒரு மாதம். அந்தப் போராட்டத்துக்கு நடுவில்தான் கோரஸ்காரர்களுக்கென்று தனிச் சங்கம் பிறந்தது, நடிகை மேரி டிரெஸ்லர் அதன் தலைவி. மேடையில் போடும் ஷூ முதலாளி செலவு என்று இன்று நாம் சாதாரணமாகச் சொல்வதற்குப் பின்னால் அந்த ஒரு மாதம் இருக்கிறது.

சரி, பிராட்வேயிலோ லண்டனிலோ வேலை தேடும் நம் நடிகர்களின் பொறுப்பு முதலில். அதில் தலையாயது ஹெட்ஷாட், அதாவது வாய்ப்புக் கேட்கும்போது கொடுக்கும் முகப் படம்.

அமெரிக்காவில் அளவு எட்டுக்குப் பத்து அங்குலம், கலர். அதன் முதுகில் ஒரு பக்க ரெஸ்யூமே. அங்கே சாதாரணத் தாள் எட்டரைக்குப் பதினொன்று. அப்படியே ஒட்டினால் ஓரம் பிதுங்கிக்கொண்டு நிற்கும், படக் கட்டுக்குள் மாட்டிக் கிழியும். ஆகவே ரெஸ்யூமேயை எட்டுக்குப் பத்தாக வெட்டி, முதுகோடு முதுகு வைத்து, நான்கு மூலையிலும் ஸ்டேப்ளர் அடிக்க வேண்டும். பேப்பர் கிளிப் போட்டால் நூறு படங்களுக்கு நடுவில் உங்கள் முகம் ஒரு பக்கமும் பெயர் ஒரு பக்கமும் போய்விடும். லண்டனில் காரியமெல்லாம் பெரும்பாலும் 'ஸ்பாட்லைட்' என்ற நடிகர் பட்டியல் வழியாகத்தான். 1927-இல் புத்தகமாகத் தொடங்கியது, இப்போது இணையத்தில் இருக்கிறது.

படத்தில் கண் கூர்மையாக விழுந்திருக்க வேண்டும், கண்ணுக்குள் ஒரு பொட்டு வெளிச்சம் தெரிய வேண்டும். உடை ஒரே நிறம். பெரிய பூ, கோடு, எழுத்து எதுவும் வேண்டாம். நம் பிள்ளைகளின் படங்களில் அடிக்கடி நடக்கும் தவறு, கருத்த முடியைக் கறுப்புப் பின்னணியில் எடுப்பது. முடி எங்கே முடிகிறது, சுவர் எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் முகம் மட்டும் மிதக்கும். பின்னாலிருந்து தலைமேல் ஒரு விளக்கு விழுந்தால் போதும், ஓரம் பிரிந்துவிடும். போட்டோகிராபரைப் பேசும்போதே அவர் முன்பு எடுத்த படங்களில் மாநிறம், கருநிறம் உள்ளவர்கள் இருக்கிறார்களா, அவர்கள் தோல் சாம்பலடிக்காமல் வந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

எடுத்த படத்தைத் திருத்தும் ரீடச்சிங்குக்கு ஒரு எளிய அளவுகோல் உண்டு. பத்து நாளில் தானே மறையக்கூடியதை அழிக்கலாம்: பரு, கீறல், கலைந்த ஒற்றை முடி. கூடவே இருப்பதை அழிக்கக் கூடாது: மச்சம், தழும்பு, கண்ணுக்குக் கீழ் இயல்பான கோடு, மூக்கின் வடிவம், நிறம். கல்யாண ஆல்பத்தில் கேட்காமலே இரண்டு ஷேடு வெளுப்பாக்கிக் கொடுக்கும் ஸ்டூடியோ பழக்கம் இங்கே நேரடி நஷ்டம். படத்தைப் பார்த்துக் கூப்பிடுகிறவர், கதவைத் திறந்துகொண்டு அதே ஆள் வரும் என்று நம்பிக் கூப்பிடுகிறார். வேறு ஆள் வந்தால் அவர் நேரத்தை வீணடித்தவராகத்தான் நம்மைப் பார்ப்பார். முடியைத் தோள்வரை வெட்டினால், தாடி வைத்தால் அல்லது எடுத்தால், படத்தையும் மாற்ற வேண்டும்.

ரெஸ்யூமேயில் உயரம், குரல் வகை, தொடர்பு விவரம் போதும். எடை எழுதும் பழைய வழக்கத்தைப் பலர் விட்டுவிட்டார்கள், நீங்களும் விடுங்கள். வயதை எழுதாதீர்கள். லண்டனில் 'எந்த வயது வேடம் போட முடியும்' என்று ஒரு வரம்பு கேட்பார்கள், அதில் பத்து வருஷத்துக்கு மேல் நீட்டினால் யாரும் நம்புவதில்லை.

உயரத்தில் மட்டும் பொய் கூடாது. வரிசை நடனத்தில் உயரம் அழகு சம்பந்தப்பட்டதல்ல, கணக்கு சம்பந்தப்பட்டது. நியூயார்க்கின் ரேடியோ சிட்டி அரங்கில் ஆடும் பெண்கள் குழுவான ராக்கெட்ஸ் வரிசையைப் பாருங்கள். இசை நாடகம் இல்லைதான், ஆனாலும் பாடம் அங்கே தெளிவாக இருக்கிறது. ஐந்தடி ஐந்து அங்குலத்திலிருந்து ஐந்தடி பத்தரை வரை ஆட்கள். நெட்டையானவர் நடுவில், இருபுறமும் இறங்கி இறங்கிக் குட்டையானவர் ஓரத்தில். தூரத்திலிருந்து எல்லோரும் ஒரே உயரமாகத் தெரிவார்கள். நீங்கள் ஒன்றரை அங்குலம் கூட்டி எழுதினால், நிற்க வைத்த முதல் நிமிஷத்தில் அது தெரியும். அந்த வரிசையில் முதல் கறுப்பினப் பெண் சேர்ந்தது 1987-இல்தான் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 'எல்லோரும் ஒரே மாதிரி' என்ற சொல்லுக்குள் அதுவரை எதையெல்லாம் ஒளித்து வைத்திருந்தார்கள் என்பது அதில் தெரியும்.

ஆடிஷன் உடைக்கு அதிகம் யோசிக்க வேண்டாம். உடம்பின் கோடு தெரிய வேண்டும், குனிந்தால் எழுந்தால் இழுத்துவிட வேண்டியிருக்கக் கூடாது. மறுபடி கூப்பிட்டால் அதே உடையில் போங்கள். "அந்தப் பச்சைச் சட்டை" என்று குறித்து வைத்திருப்பவர்களுக்கு அது உதவி.

ஷூவும் டைட்ஸும் வேறு கதை. நடனக்காரர் காலோடு ஒரே நிறமாக ஷூ இருந்தால் கால் நீளமாகத் தெரியும், இடுப்பிலிருந்து விரல்நுனி வரை ஒரே கோடு. அதனால்தான் தோல் நிற ஷூ. ஆனால் கடையில் 'தோல் நிறம்' என்று விற்பது வெகுகாலம் வெள்ளைக்காரர் தோலின் நிறம் மட்டும்தான். லண்டனின் ஃப்ரீட் கம்பெனி பழுப்பு நிறப் பாலே ஷூக்களைக் கொண்டுவந்ததே 2018-இல். அதுவரை, இப்போதும் பல அளவுகளில், நிறம் ஏற்றுவது ஆடுகிறவர் கை வேலை.

சாட்டின், கான்வாஸ் ஷூவுக்கு முகத்துக்குப் போடும் பவுண்டேஷனே போதும். ஈர ஸ்பாஞ்சில் தொட்டு, மெல்லிய பூச்சாக மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நன்றாகக் காயவிட்டு. ஒரே பூச்சில் அப்பினால் மடிப்பில் வெடித்துச் செதில் செதிலாக உதிரும். தோல் ஷூவில் இது நிற்காது. மேல் பாலிஷை முதலில் துடைத்து எடுத்துவிட்டுத் தோலுக்கான சாயம்தான் பூச வேண்டும். டைட்ஸ் நைலான் துணி. பருத்திக்கான குளிர்நீர்ச் சாயத்தில் ஒரு ராத்திரி ஊற வைத்தாலும் பிடிக்காது, காசும் போகும். நைலானுக்கு வினிகர் சேர்த்த சுடுதண்ணீரில் கரைக்கும் அமிலச் சாயம் வேண்டும். கொதிக்க விடக் கூடாது, உள்ளே இருக்கும் இழுவை நூல் செத்துவிடும், முழங்காலில் தொங்கும். சின்ன மாற்றம் போதுமென்றால் டீ போதும்: இரண்டு லிட்டர் வெந்நீருக்கு ஐம்பது கிராம் டீத்தூள், வடிகட்டி, அரை மணி நேரம், புரட்டிக்கொண்டே. ஈரத்தில் தெரியும் நிறம் காய்ந்ததும் இறங்கும், ஆகவே முதலில் பாதத்தில் மட்டும் நனைத்துக் காயவைத்துப் பார்த்துவிட்டு முழுதும் இறக்குங்கள்.

இதெல்லாம் ஆடிஷனுக்கும் வகுப்புக்கும். வேலை கிடைத்துவிட்டால் மேடை ஷூ, மேடை டைட்ஸ், அவற்றின் நிறம் எல்லாம் உடைப் பிரிவின் வேலை. கூச்சப்படாமல் கேளுங்கள்.

வீட்டிலிருந்து வீடியோ எடுத்து அனுப்பும் ஆடிஷனில் ஒரே ஒரு விஷயம். வெள்ளைச் சுவர் முன்னால் நின்றால் செல்போன் சுவரைப் பார்த்து வெளிச்சத்தைக் குறைக்கும், முகம் இருண்டுவிடும். அதைப் பார்த்துவிட்டு "நான் கருப்பா இருக்கேன்" என்று பவுடர் அடிக்கிறவர்கள் உண்டு. சாம்பல் அல்லது மங்கிய நீலத் துணியைப் பின்னால் கட்டுங்கள். திரையில் முகத்தின்மேல் விரலை அழுத்திப் பிடித்து வெளிச்சத்தைப் பூட்டிவிட்டு, லேசாக ஏற்றுங்கள். அழகுபடுத்தும் ஃபில்டரை அணைத்துவிடுங்கள்.

இனி இடுப்புச் சுற்றளவு. வேலை உறுதியானதும் உடைப் பிரிவிலிருந்து அளவுப் படிவம் வரும், முப்பது நாற்பது அளவுகள் இருக்கும். அநேகம் பேர் இங்கேதான் சறுக்குகிறார்கள். "ஒத்திகை முடியறதுக்குள்ள ரெண்டு அங்குலம் குறைச்சிடலாம்" என்று நினைத்து, இருக்கும் இடுப்பை எழுதாமல் இருக்க வேண்டிய இடுப்பை எழுதுவது. அந்த எண்ணை நம்பித் துணி வெட்டுகிறார்கள். போட்டுப் பார்க்கும் நாளில் கொக்கி எட்டாது. அன்றைக்குக் காலர், கை, கீழ்மடிப்பு என்று பார்க்க வேண்டிய நேரமெல்லாம் இடுப்பை அவிழ்ப்பதில் போகும். கடைசியில் அவசரமாகத் திருத்திய உடையில் தினமும் ஆடப் போவது நீங்கள்தான்.

நாடக உடை கடை உடை மாதிரி தைக்கப்படுவதில்லை என்பது பலருக்குத் தெரியாது. கடைச் சட்டையில் தையலுக்கு உள்ளே கால், அரை அங்குலம் துணி இருக்கும். நல்ல நாடக உடையில் பக்கத்திலும் முதுகு நடுவிலும் ஒரு அங்குலம், அதற்கு மேலும் மடித்து விட்டிருப்பார்கள். கொக்கி இரண்டு வரிசை. இந்த உடை ஒருவருக்காக மட்டும் பிறக்கவில்லை, அவருக்குப் பதிலாக ஏறுபவர், அடுத்த வருஷம் வருபவர் என்று பல உடம்புகளைப் பார்க்கும் என்று தெரிந்தே தைக்கிறார்கள். பிரிப்பதும் பிடிப்பதும் அங்கே அன்றாட வேலை. உங்கள் உடம்பு நாடக ஓட்டத்தின் நடுவில் அங்குலம் கூடியது, குறைந்தது என்றால் உடை மேற்பார்வையாளரிடம் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். இளைத்தாலும் சொல்ல வேண்டும். தளர்ந்த உடை ஆட்டத்தில் சுற்றிக்கொண்டு திரும்பும், மைக் பெட்டி இடுப்பிலிருந்து நழுவும்.

ஒரு அளவை மட்டும் நீங்களே கவனித்து எடுக்கச் சொல்லுங்கள்: தோளில் தொடங்கி, முன்னால் இறங்கி, கால் நடுவே போய், முதுகு வழியே அதே தோளுக்கு வரும் சுற்று. உடம்போடு ஒட்டிய முழு உடைக்கு இதுதான் உயிர். இது தப்பினால் இடுப்பு எவ்வளவு சரியாக இருந்தாலும் தோள் இழுக்கும், கையைத் தூக்கிப் பாட முடியாது.

இடுப்பையும் விலாவையும் இறுக்கிக் கட்டும் கார்செட் போடும் பழங்கால வேடம் என்றால், விலா அளவை மூச்சு விட்டும் ஒருமுறை, முழுக்க இழுத்தும் ஒருமுறை எடுக்கச் சொல்லுங்கள். போட்டுப் பார்க்கும் அறையிலேயே உங்கள் பாட்டின் நீளமான வரியைப் பாடிக் காட்டுங்கள். வெட்கம் வேண்டாம், தையல்காரருக்கு வேண்டிய தகவல் அது. பின்னால் கயிறு கட்டும் இடத்தில் இரண்டு அங்குல இடைவெளி விட்டுத் தைத்திருந்தால் இறுக்கவும் தளர்த்தவும் இடமிருக்கும். இரண்டு விளிம்பும் ஒட்டிக்கொண்டு நின்றால் தளர்ந்துவிட்டது என்று பொருள். ஷூவை முதலில் மாட்டிக்கொள்ளுங்கள், கார்செட் கட்டியபிறகு குனிய முடியாது.

அடுத்து தலை. நம்மூர் நாடகக்காரர்கள் டோப்பா என்பதை பிராட்வேயில் அந்த நடிகரின் தலைக்கென்றே செய்கிறார்கள். விலை ஆயிரக்கணக்கான டாலர். முதல் வேலை, தலையைப் பிளாஸ்டிக் தாளால் சுற்றி, அதன்மேல் செல்லோ டேப்பை ஒட்டி அச்செடுத்து, முடி தொடங்கும் கோட்டை அதன்மேல் பேனாவால் வரைவது. அச்செடுக்கும் அன்று உங்கள் சொந்த முடியை எப்படிச் சுருட்டி வைத்தார்களோ, ஒவ்வொரு காட்சிக்கும் அப்படியே சுருட்ட வேண்டும். இடையில் முடியை வெட்டினால் விக் ஆடும். சோம்பல்பட்டு ஒரே கொண்டையாக முடிந்தால் பின்னால் புடைத்துக்கொண்டு நிற்கும்.

சுருட்டுவது இப்படி. ஒரு அங்குலச் சதுரமாக முடியைப் பிரித்து, தலையோடு தட்டையாக வட்டமாகச் சுற்றி, இரண்டு பாபி பின்னைக் குறுக்கே பெருக்கல் குறியாகக் குத்த வேண்டும். விக்கைப் பிடித்துக்கொள்ளப் போவது இந்தச் சுருள்கள்தான். அதன்மேல் மெல்லிய வலைத்தொப்பி. நெற்றியில் முடியோரம் வைக்கும் சின்ன மைக்கின் வயர் நெற்றி நடுவிலிருந்து உச்சி வழியே பிடரிக்கு இறங்கும், சின்னக் கிளிப்புகளில் மாட்டி. பிறகு விக். முன்னால் இருக்கும் மெல்லிய வலை ஓரத்தை நெற்றியிலும் காதோரப் பொட்டிலும் பசை வைத்து ஒட்டுவார்கள். இடுப்பு வரை கனமான முடி உள்ள நம் பெண்களுக்கு ஒரு அங்குலச் சுருள் தட்டையாக உட்காராது. இரண்டு, மூன்று தட்டையான பின்னல் போட்டுத் தலையைச் சுற்றி எதிரெதிராகப் படுக்க வைப்பதுதான் வழி. முடியை வெட்டச் சொல்வதற்கு முன் இதைச் செய்து பாருங்கள் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

அம்மாமார்களுக்கு ஒரு வார்த்தை: காட்சி நாளுக்கு முந்தைய ராத்திரி தேங்காய் எண்ணெய் வேண்டாம். எண்ணெய்த் தலையில் பின் வழுக்கும், வலைத்தொப்பி பின்னால் ஏறும், நெற்றியில் பசை பிடிக்காது, மைக் டேப் இரண்டாவது பாட்டுக்குள் உரிந்துவிடும். எண்ணெய் தேய்க்க வாரத்தில் காட்சி இல்லாத நாள் ஒன்று இருக்கிறது. நியூயார்க்கில் அது அநேகமாகத் திங்கட்கிழமை.

வாரம் எட்டுக் காட்சி ஒரே இடத்தில் பின் குத்தினால் பொட்டோரம் முடி கொட்டத் தொடங்கும். சுருளின் இடத்தை நாளுக்கு நாள் சற்று மாற்றச் சொல்லுங்கள். மேக்கப்பை முடித்துவிட்டுத்தான் மைக்கை நெற்றியில் வைக்க வேண்டும். முதலில் மைக், பிறகு பவுண்டேஷன் என்றால் அதன் கண்ணில் மாவு அடைத்துக் குரல் கம்பளிக்குள் பேசுவதுபோல் கேட்கும். வியர்வைத் துளி இறங்கினாலும் அதே கதி. 2002-இல் லண்டனில் ஏ.ஆர். ரஹ்மான் இசையில் வந்த 'பாம்பே ட்ரீம்ஸ்' நாடகத்தில் மேடையிலேயே நீரூற்றுக்கு நடுவில் ஆடினார்கள். அந்த ஒலிப் பிரிவுக்காரர்களை நினைத்தால் இன்றும் பாவமாக இருக்கிறது.

மேக்கப்பில் ஒரு மறைமுகச் செலவு இருக்கிறது. விசேஷ மேக்கப், அதாவது பச்சை முகம், ஒட்டு மூக்கு, மிருக வேடம், கம்பெனி தரும். சாதாரண மேக்கப் நடிகர் கைக்காசு. பொது மேக்கப் பெட்டியில் உங்கள் நிறத்துக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கலாம். ஆகவே உங்கள் ஷேடு இரண்டு டப்பா எப்போதும் பையில் இருக்கட்டும். வாங்கும்போது கழுத்தில் வைத்துப் பாருங்கள், கையில் அல்ல. மஞ்சள், பொன் சாயல் உள்ள தோலில் ரோஜாச் சாயல் பவுண்டேஷன் போட்டால் மேடை விளக்கில் திருநீறு பூசியதுபோல் வெளிறும். வெயில் தடுப்பு சேர்ந்த பவுண்டேஷனிலும் அப்படித்தான், அதிலிருக்கும் துத்தநாகமும் டைட்டானியமும் வெள்ளைப் பொடிகள். ஒரு ஷேடு வெளுப்பாகப் போட்டால் முகம் ஒரு நிறம், கழுத்தும் கையும் ஒரு நிறம். கடைசி வரிசையிலிருந்து பார்க்கிறவருக்கு அது முகமூடி.

பட்டினியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பாடுகிறவர் எடைக்காக வாந்தி எடுத்தால் வயிற்று அமிலம் நேரே குரல்நாணைச் சுடும். தண்ணீர் வற்றச் செய்யும் மாத்திரை போட்டால் குரல்நாணின் மேல் இருக்கும் ஈரம் காயும், உச்சக் குரல் முதலில் போகும். சாப்பிடாமல் நடன ஆடிஷனுக்குப் போனால் இருபது நிமிஷத்தில் கற்றுக்கொடுக்கும் அடவு மூளையில் நிற்காது. மாதவிலக்கு மூன்று மாதம் நின்றாலோ, காலெலும்பில் திரும்பத் திரும்ப விரிசல் வந்தாலோ டாக்டரிடம் போக வேண்டிய விஷயம், டயட் மாற்றும் விஷயமல்ல. "கொஞ்சம் இளைச்சா நல்லாருக்கும்" என்று யாராவது சொன்னால், எந்த உடைக்கு, எத்தனை அங்குலம் என்று திருப்பிக் கேளுங்கள். அந்தக் கேள்வி உடைப் பிரிவுக்குப் போய்ச் சேர்ந்துவிடும், அது போக வேண்டிய இடமும் அதுதான்.

கடைசியாக ஒப்பந்தம். வேடத்துக்காக முடியை வெட்டவோ நிறம் மாற்றவோ சொன்னால், கையெழுத்துக்கு முன்னால் அதை எழுத்தில் வாங்குங்கள். சங்க ஒப்பந்தங்களில் சாயம் போடும் செலவு, வேர் வளர வளர மறுபடி தொடும் செலவு, முடிவில் பழைய நிறத்துக்குக் கொண்டுவரும் செலவு கம்பெனியுடையது. சங்கம் இல்லாத சின்னக் கம்பெனி என்றால் இந்த மூன்றையும் தனித்தனி வரியாக எழுதச் சொல்லுங்கள். முதல் இரண்டுக்குத் தலையாட்டிவிட்டு மூன்றாவதை மறப்பார்கள். பதிலுக்கு நீங்களும் ஓட்டத்தின் நடுவில் கேட்காமல் முடியைத் தொடக் கூடாது. கறுப்பு முடியை வெளுத்து எடுத்த பொன்நிறம் இரண்டு மூன்று வாரத்தில் வேரில் கறுப்புக் கோடு காட்டும், ஆகவே எத்தனை வாரத்துக்கு ஒருமுறை சலூன் என்பதையும் அதே வரியில் சேர்த்துவிடுங்கள். நாடகம் இறங்கி முடி பழைய கறுப்புக்குத் திரும்பும்வரை பழைய எட்டுக்குப் பத்து படங்களை வெளியே எடுக்காதீர்கள், அதில் இருப்பவர் இன்னும் திரும்பி வரவில்லை.